கடைசி ஆள் சேரும்வரை

அத்தான் ரோட்டைக் கடப்பதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே பீச் ரோட்டு டீக்கடையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வலது பக்கம் பார்ப்பார். அப்புறம் இடது. மறுபடியும் வலது. இதுவரைக்கும் எல்லோரும் செய்ய வேண்டியதுதான். நாலாவதாகக் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்ப்பார். மேலே ஒன்றும் இருக்காது. மிஞ்சிப் போனால் ஒரு காக்கா பறக்கும். அதையும் போகவிட்டுத்தான் இடது காலை இழுத்துக்கொண்டு ரோட்டில் இறங்குவார்.

"என்ன அண்ணாச்சி, மேல லாரி கீரி வருதா?" என்று டீ மாஸ்டர் கேட்பார்.

"வராதுன்னு எழுதித் தாரியாலே?" என்பார் அத்தான்.

அவர் என் அக்காவின் கணவர். சங்கு குளித்தவர். கடலுக்கு அடியிலிருந்து எழும்பி வருகிறவன் தலைக்கு மேலே வள்ளம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் வர வேண்டும். பார்க்காமல் வந்து மண்டையில் தையல் போட்டுக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கடலை விட்டுக் கரையோடு தங்கிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

நான் அவருக்குக் கயிறு பிடித்தவன். எங்கள் கரையில் குளிக்கிறவனின் கயிற்றைப் பெண்டாட்டியின் தம்பி அல்லது அண்ணன் கையில்தான் கொடுப்பார்கள். மற்றவன் என்றால் தூக்கம் வரலாம், பீடி பற்ற வைக்கத் தோன்றலாம். மச்சினனுக்கு அப்படித் தோன்றாது. கூடப் பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றின் மறு நுனியில் இருக்கிறது. அக்கா கல்யாணம் முடிந்த மறு வாரமே அத்தான் என்னை வள்ளத்தில் ஏற்றிவிட்டார். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேச வராது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் கையைத் தூக்கக்கூட வெட்கம். பஸ்ஸுக்குக் கை காட்ட மாட்டேன். வேறு யாராவது கை காட்டுகிறவரை காத்திருந்து அவரோடு ஏறிக்கொள்வேன். யாரும் வராவிட்டால் நடந்துவிடுவேன். கயிறு பிடிக்கிற வேலை எனக்குத் தோதாக இருந்தது. கயிற்றிடம் பேச வேண்டியதில்லை. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு இழுப்பு என்றால் தூக்கு.

அத்தானுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. யாராவது ஓரிடத்துக்குப் புறப்பட்டால், போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அக்கா எதிர்த்த கடைக்குக் கருவேப்பிலை வாங்கப் போனாலும் வாசலில் நின்று கண்ணாலேயே கொண்டுபோய்க் கடையில் விட்டு, கண்ணாலேயே திரும்பக் கூட்டி வருவார்.

"கல்யாணம் ஆயி பதினெட்டு வருசம் ஆச்சு. இன்னும் பொண்ணு பாக்க வந்த ஆளு மாதிரியே பாத்துக்கிட்டு நிக்காரு. கடைக்காரரு சிரிக்காரு தம்பி" என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். குரலில் குறை அவ்வளவாக இருக்காது.

ஒரு தடவை வேம்பாரிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியம்மாவைப் பஸ் ஏற்றிவிடப் போனோம். பஸ் கிளம்பி நூறடி போய் நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போகலாம் என்றேன். அத்தான் அசையவில்லை. அரை மணி நேரம் பஸ்ஸும் நின்றது, அவரும் நின்றார். ஜன்னல் வழியாக அவரையே பார்த்துப் பார்த்துக் கூச்சமாகிப் போன பெரியம்மா கடைசியில் இறங்கி நடந்தே வந்தாள்.

"மருமகனே, நீரு வீட்டுக்குப் போரும். நீரு பாத்துக்கிட்டே நிக்கதுனாலதான் அது கிளம்ப மாட்டேங்கு."

அத்தான் தலையை ஆட்டினார். பெரியம்மா திரும்பிப் போய் ஏறி உட்காரும்வரை அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர் படித்த ஒரே பாடம் அதுதான். கயிறு பிடிக்கிறவனுக்கு அவர் சொல்லிக் கொடுத்த சட்டமும் அது ஒன்றுதான். "ஆளப் பாரு. கடலப் பாக்காத. கடலப் பாத்தா கடல்தான் தெரியும்." ஆள் தண்ணீருக்குள் இருக்கிறபோது ஆள் என்பது கயிறுதான். அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

நான் ஒரு நாள் எடுத்தேன்.

அன்றைக்கு அத்தான் பத்துப் பாகத்துக்கு, அறுபது அடிக்குக் கீழே இருந்தார். கம்ப்ரசர் காற்றுக் குழாய் வாயில் இருந்தது. இன்ஜின்காரர் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு விசைப்படகின் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தேன். நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று கயிற்றை இழுத்தேன். கை மாற்றிக் கை மாற்றி, நிறுத்தாமல் இழுத்தேன். அடியில் வெகு நேரம் இருந்தவனை அப்படி இழுக்கக் கூடாது. நின்று நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே விட வேண்டும்; இல்லாவிட்டால் கை கால் விழுந்துவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் இழுத்தேன்.

விசைப்படகு கடைசி நேரத்தில் ஒதுங்கிப் போய்விட்டது. அத்தான் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து சிரித்தார். கரைக்கு வந்து இறங்கும்போது இடது கால் அவர் சொன்னபடி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார்கள். இனிமேல் கடலில் இறங்கக் கூடாது என்பதைத் தமிழில் சொன்னார்கள்.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நான் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் சுமை தூக்கப் போய்விட்டேன். அத்தான் வீட்டில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிற ஒவ்வொருவரையும் திருப்பம் வரை கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடம். தெருவே தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தது.

"தம்பி, அந்த மனுசனுக்கு ஒரு வேலை பாரு. இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். சோத்துல உள்ள பருக்கையக்கூட வாய்க்குள்ள போயிச் சேருதான்னு பாக்காரு" என்றாள் அக்கா.

யார்டில் ஒரு வேலை வந்தது. எங்கள் யார்டின் வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கேன்டீன். மத்தியானம் நாங்கள் எல்லோரும் ரோட்டைக் கடந்து சாப்பிடப் போக வேண்டும். டிரெய்லர் லாரிகள் வரிசையாக வரும். ரோட்டில் புதிதாக வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் கொடி பிடித்து நின்று வண்டியை நிறுத்த ஒரு ஆள் வேண்டும். ஓட வேண்டாம், சுமக்க வேண்டாம், நின்றால் போதும். நிற்பதில் அத்தானை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் ஒரு பரீட்சை உண்டு. டிரெய்லர் டிரைவர்கள் ஊர் ஊராக வருகிறவர்கள். பலகை எல்லாம் இங்கிலீஷில். சேஃப்டி ஆபீசர் வடக்கே இருந்து வந்தவர், தமிழ் தெரியாது. கேள்வியும் இங்கிலீஷில்தான் கேட்பார். யார்டின் சூப்பர்வைசர் நாசரேத்துக்காரர். அவர் தாத்தா, அப்பா எல்லோரும் வாத்தியார்கள். இங்கிலீஷ் பேச ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் மதியச் சாப்பாட்டையும் தள்ளி வைக்கிறவர். அவர் ஒரு தாளில் இருபத்து நாலு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

"இதெல்லாம் அண்ணாச்சிக்கு மனப்பாடம் ஆகணும். அர்த்தம் தெரியணும். ஒரு மாசம் டைம். இந்த வேலை போச்சுன்னா கால் இப்படி இருக்க ஆளுக்கு இந்த யார்டுல வேற வேலை கிடையாது, பாத்துக்கிடும்" என்று என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் நான் வாசிக்க, அத்தான் கேட்பார். எனக்கே அந்த வார்த்தைகள் புதிது. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன்.

"பெடஸ்ட்ரியன்" என்றேன்.

"அது யாருலே?"

"நடந்து போறவன் அத்தான்."

"நடந்து போறவனுக்குப் பேரெல்லாம் உண்டுமா?" அவருக்கு ஒரே சந்தோஷம். "நம்ம ஊர்ல நடக்குறவனுக்கு என்ன பேரு தெரியுமா மாப்ள? 'ஏலே, சாவதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?' அதான் பேரு. எம்புட்டு நீளம் பாரு. இங்கிலீஷ்காரன் சுருக்கமா வச்சிருக்கான்."

மறு நாள் காலையில் மாதா கோயில் பங்குச் சாமி எதிரே நடந்து வந்தார். அவருடைய ஸ்கூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. அத்தான் கும்பிட்டுவிட்டு, "சாமி, நீங்களும் பெடஸ்ட்ரியன் ஆயிட்டீங்களா?" என்று கேட்டார்.

சாமி சற்று யோசித்தார். "சனிக்கிழமை வரைக்கும்தான்" என்றார்.

வார்த்தையைச் சொன்னால் அத்தானுக்குப் போதாது. அதற்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். குளிக்கப் போனால் தரையைத் தொடாமல் மேலே வராதவர் அவர். சங்கு கிடைக்காவிட்டாலும் ஒரு பிடி மணலாவது அள்ளி வந்து காட்டுவார். வார்த்தையையும் அப்படித்தான் செய்தார். விளங்கிவிட்டால், "தரை தட்டியாச்சு மாப்ள, அடுத்தது" என்பார். விளங்கும்வரை அடுத்ததற்குப் போக முடியாது.

'ரைட் ஆஃப் வே' இரண்டு நாளை எடுத்துக்கொண்டது. வெள்ளைக் கோட்டில் நடக்கிறவனுக்குத்தான் முதல் உரிமை, வண்டிதான் நிற்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னதை நான் சொன்னேன். அத்தான் நம்பவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அங்கே பாதி அழிந்த கோடுகள் இருந்தன. முதல் கோட்டில் ஒரு காலை வைத்து நின்றார். வலது, இடது, வலது, மேலே. ஆட்டோ போனது. மினி பஸ் போனது. நாலு பேரை ஏற்றிய மோட்டார் சைக்கிள் போனது. ஒருவரும் நிற்கவில்லை.

"அத்தான், கையக் காட்டிட்டுப் போயிரலாம்" என்றேன். காட்டப்போவது அவர் கை என்ற தைரியத்தில்தான் சொன்னேன்.

"கையக் காட்டுனா அது கேட்டு வாங்குறது. நமக்கு உள்ளதுன்னுல்லா தாள்ல போட்டிருக்கு. குடுக்கானுவளான்னு பாப்பம்."

நாற்பது நிமிஷம் நின்றோம். எதிர்த்த செருப்புக்கடைக்காரர் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் அத்தானைத் தெரியாத ஆள் மாதிரி கொஞ்சம் தள்ளி நின்றேன். கடைசியில் ஒரு ஸ்கூட்டி கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு காலேஜ் பெண். வண்டியின் முன்னால் சிவப்பில் 'எல்' என்று ஒட்டியிருந்தது. அந்தப் பெண் இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை, அதனால் சட்டம் ஞாபகத்தில் இருந்தது. பின்னால் வந்த எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். பயத்தில் அவள் வண்டி அணைந்துவிட்டது. அத்தான் மெதுவாகக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று, அவள் வண்டியைக் கிளப்பித் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரை தட்டியாச்சு" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

'பிளைண்ட் ஸ்பாட்' என்பதற்கு, டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அர்த்தம் சொன்னேன். எவ்வளவு இடம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறு நாள் யார்டு வாசலில் நின்ற ஒரு டிரெய்லரில், இழுத்துக்கொண்ட காலோடு தொற்றி ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஆந்திராக்காரர். டீ குடித்துக்கொண்டிருந்தவர் பதறி ஓடி வந்தார். அத்தான் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என்னை வண்டியைச் சுற்றி நடக்கச் சொன்னார்.

"நில்லு! இங்கன நீ இல்ல மாப்ள! ஒரு செங்கல்ல வையி."

வைத்தேன். இன்னும் இரண்டடி நடந்தேன்.

"இங்கனயும் இல்ல! வையி!"

செங்கல் வைத்து முடித்தபோது வண்டியின் முன்னாலும் இடது பக்கமும் ஒரு சின்ன வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட மாதிரி இருந்தது. ஆந்திராக்காரர் இறங்கி வந்து அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம் வண்டியை ஊர்ந்துதான் கொண்டுவந்தார்.

இப்படி ஒரு மாதத்தில் இருபத்து நாலு வார்த்தையும் தரை தட்டின. கூடவே இருந்த எனக்கும் தட்டின. 'கிவ் வே' என்ன என்று அக்காவுக்குக்கூடத் தெரியும். அடுப்படிக்குள் அத்தான் குறுக்கே நின்றால், "ஏய்யா, கிவ் வே" என்பாள்.

பரீட்சை நாள் வந்தது. யார்டு வாசலில் வைத்துத்தான். ஆபீசர் பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். அத்தான் மீசையைத் தடவிக்கொண்டு, கயிற்றை இழுப்பது மாதிரி ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னார். 'பெடஸ்ட்ரியன்.' 'ஸ்டாப் லைன்.' 'நோ ஓவர்டேக்.' பிளைண்ட் ஸ்பாட் எங்கே என்று கேட்டபோது, வாசலில் நின்ற டிரெய்லரைச் சுற்றி நொண்டிக்கொண்டே நடந்து, செங்கல் இல்லாமலேயே காலால் கோடு போட்டுக் காட்டினார். ஆபீசரின் புருவம் மேலே போனது. சூப்பர்வைசர், தானே பாஸான மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கடைசியாக, கொடியோடு நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. நாங்கள் பதினாலு பேர் கோட்டில் இறங்கினோம். தெற்கேயிருந்து ஒரு டிரெய்லர் வந்தது. அத்தான் நடுரோட்டுக்குப் போய்ச் சிவப்புக் கொடியை நீட்டினார். நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்.

கொடி வண்டிக்கு நேராக இருந்தது. முதுகும் வண்டிக்கு நேராக இருந்தது. முகம் எங்களைப் பார்த்து இருந்தது. ஒவ்வொருவராகக் கண்ணால் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

டிரெய்லர் கிறீச்சென்று பிரேக் போட்டது. ஆபீசர் கத்தினார். "நோ! நோ! ஃபேஸ் த டிராஃபிக்!" வண்டியைப் பார்த்து நில் என்று அர்த்தம்.

அத்தான் திரும்பவில்லை. எங்களோடு கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருத்தி உண்டு. அவள் செருப்பு நடுக்கோட்டில் கழன்றுவிட்டது. குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தாள். டிரெய்லர் அவருடைய முதுகுக்கு எட்டடி பின்னால் புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. அவள் செருப்பை மாட்டி, சேலையைச் சரி செய்து, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் அத்தான் கொடியை இறக்கினார்.

"ஃபெயில்" என்றார் ஆபீசர். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீங்களே. கொடிக்காரன் வண்டிக்கு முதுகக் காட்டலாமா? அவன் நிக்கலன்னா?" என்றார் சூப்பர்வைசர். அவர் முகமே சுண்டிவிட்டது.

அத்தானுக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்று விளங்கவில்லை. அவர் படித்த ஒரே பாடத்தைத்தான் செய்திருந்தார். ஆளைப் பார், கடலைப் பார்க்காதே. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு ஆபீசரிடம், தாளில் இல்லாத ஒரு இங்கிலீஷைச் சேர்த்துக் கூட்டிச் சொன்னார்.

"சார். லாஸ்ட் மேன். ஹூ லுக்?"

கடைசி ஆள். யார் பார்ப்பது?

ஆபீசர் கூட்டிப் பெருக்குகிற அம்மாவை ஒரு தடவை பார்த்தார். ஆனாலும் இல்லையென்று தலையை ஆட்டினார். வண்டியைப் பார்க்காத ஆளை ரோட்டில் நிறுத்த அவரால் முடியாது. அது அவருடைய சட்டம். அதுவும் நியாயம்தான். கோப்பில் எழுதப் பேனாவை எடுத்தார்.

அத்தான் கொடியைச் சுற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். மறுபடியும் அந்த வாசல், அந்தத் தெரு. நான் இழுத்த கயிறு அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கப்போகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பதிமூன்று பேருக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். என் கை மேலே போயிருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படித் தூக்கியதில்லை.

"நான் வண்டியப் பாக்கேன் சார்" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். "அத்தான் ஆளப் பாக்கட்டும். வண்டிய நான் பாக்கேன். சாப்பாட்டு நேரந்தான. நான் நிக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையை இறக்க மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் அதை இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதைவிட ரொம்ப நேரம் சொன்னார். சங்கு, கயிறு, மச்சினன் எல்லாம் வந்தது என்று நினைக்கிறேன். ஆபீசர் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். ஒரு வாரம் பார்ப்போம் என்றார்.

மறு நாள் மத்தியானம் எனக்கும் ஒரு பளபளக்கிற பச்சைச் சட்டை கொடுத்தார்கள். ரோட்டு நடுவில் நான் வண்டிகளைப் பார்த்துக் கொடியோடு கையைத் தூக்கினேன். என் முதுகுக்குப் பின்னால், முதுகோடு முதுகாக அத்தான். எனக்குக் காது வரைக்கும் சூடாக இருந்தது. வண்டி நின்றது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னைப் பார்த்து இவ்வளவு பெரிய வண்டி நிற்கிறது.

"மாப்ள" என்றார் பின்னாலிருந்து.

"என்ன அத்தான்?"

"அன்னைக்கு அந்தப் போட்டுக்காரன் ஏன் ஒதுங்குனான்னு நெனைக்க?"

நான் திரும்பவில்லை. டிரெய்லரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

"நீ எந்திரிச்சு நின்னு கையமாத்திக் கையமாத்தி இழுத்தல்லா. அதப் பாத்துட்டுத்தான் அங்கன ஆளு கிடக்குன்னு ஒதுங்குனான். நீ அன்னைக்குக் கடலப் பாத்த. பாத்ததுனாலதான் நான் இங்கன நிக்கேன்." பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. "சேந்தாச்சு. கைய இறக்கு."

சேந்தாச்சு என்பதுதான் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த சொல். கடைசி ஆள் அந்தப் பக்கம் காலை வைத்ததும் அவர் அதைச் சொல்வார். அதைக் கேட்காமல் நான் கையை இறக்க மாட்டேன். ஒரு வாரம் என்றது ஆறு வருடம் ஆனது. பஸ்ஸுக்கும் கை காட்டப் பழகிவிட்டேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா மட்டும், இவர் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு ரொம்ப மெதுவாகக் கடப்பாள். "ஏளா, சீக்கிரம் போ, ஆந்திராக்காரனுக்கு வீடு வாசல் இருக்கு" என்பார் அத்தான்.

அப்புறம் யார்டுக்காரர்கள் ஒரு மின்சார சிக்னல் வைத்தார்கள். பட்டனை அழுத்தினால் பச்சையில் ஒரு மனிதன் நடப்பான். அத்தான் அவனை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவன் அவன் பாட்டுக்கு நடக்கான். பின்னால வாரவனத் திரும்பிப் பாக்கானா பாரு" என்றார். சிக்னல் வேலை செய்கிற நாளிலும் நாங்கள் இறங்கித்தான் நின்றோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை பார்த்துவிட்டு வந்து, மீன் குழம்பு சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மறு நாள் சாயங்காலம் கல்லறைக்குக் கொண்டுபோனோம். வீட்டிலிருந்து போகிற வழியில் பீச் ரோட்டைக் கடக்க வேண்டும். உப்பு லாரிகளும் டிரெய்லர்களும் வருகிற நேரம். பங்குச் சாமி முன்னால், பின்னால் பெட்டி, அதற்குப் பின்னால் தெரு முழுக்க. ரோட்டோரம் வந்ததும் எல்லோரும் தயங்கி நின்றார்கள். நான் பெட்டியைத் தூக்குகிறவர்களில் ஒருவனாக இருந்தேன். என் இடத்தை டீ மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு நடுரோட்டுக்குப் போனேன். வலது, இடது, வலது பார்த்தேன். மேலேயும் பார்த்தேன். வண்டிகளுக்கு நேராகக் கையைத் தூக்கினேன்.

நின்றன. பின்னால் பாட்டும் செருப்புச் சத்தமும் ரோட்டைக் கடந்து போயின. பெட்டி கடந்ததை நான் பார்க்கவில்லை. வண்டியைப் பார்க்கிறவன் திரும்பக் கூடாது.

சத்தம் தேய்ந்து போனது. முன்னால் நின்ற லாரிக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார். அடுத்தவரும் அடித்தார். லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணாச்சி, எல்லாரும் போயிட்டாவ, கைய எடுங்க" என்றார். அவர் எனக்கு முன்னால் இருக்கிற ஆள். அவர் சொல்லி நான் இறக்க முடியாது. பின்னாலிருந்துதான் சொல்ல வேண்டும். சொல்கிறவர் பெட்டிக்குள் இருந்தார். கை வலித்தது. அப்படியே நின்றேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுது அழுது உடைந்துபோன குரல்தான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து எதிர்த்த கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சேந்தாச்சு தம்பி! கைய இறக்கு!"

இறக்கினேன். வண்டிகள் போயின.